இடது வெளியில் பத்து நிமிடம்

இந்தப் பருவத்தில் எங்கள் பேஸ்போல் கிளப்பின் வெளிக்களத்துக்கு வந்திருக்கும் உங்கள் மூவரையும் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இரண்டு பேர் இங்கே டென்மார்க்கின் ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள். மற்றவர் கோயம்புத்தூரிலிருந்து பொறியியல் வேலைக்கு வந்து, கல்லூரியில் விளையாடிய பேஸ்போலை விட முடியாமல் எங்களோடு சேர்ந்தவர். நான் ஆடிய காலத்தில் அந்தப் புல்லில் என்னோடு தமிழில் பேச ஒருவரும் இருக்கவில்லை. பந்தோடுதான் பேசுவேன். அது பதில் சொல்லாது, ஆனால் எதிர்த்தும் கதைக்காது.

"அண்ணை, நீங்கள் கதைக்கிறதை எல்லாம் எழுதித் தந்தால் என்ன?" என்று உங்களில் ஒருவர் கேட்டார்.

"டெனிஷிலை எழுதட்டோ?" என்றேன்.

"ஐயோ வேண்டாம். டெனிஷிலை எண்டால் வேலையிடத்துக் கடிதம் மாதிரி இருக்கும்."

கோவைக்காரர் உடனே, "தமிழ்லயே எழுதுங்க சார். உங்க ஊர்ச் சொல்லு புரியலன்னா நான் கேட்டுக்கறேன்" என்றார்.

சரி, எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. மனிதர் வாயிலிருந்து விழும் நல்ல சொல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வருகிற பழக்கம் மட்டும் உண்டு. எழுதக் கற்றதும் அப்படித்தான். பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி எறிவது என்பதைப் பயிற்சியாளர் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தர முடியாத ஒன்றிரண்டு இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பதினொரு கோடைகாலம் நான் இந்த விளையாட்டைச் சம்பளத்துக்கு விளையாடியவன். காலையில் மைதானத்துப் புல் வெட்டி, வெள்ளைக் கோடு போட்டு, பின்னேரம் அதே புல்லில் இடது வெளியில் நிற்பேன். எங்கள் பிரிவில் அந்த நாளில் அப்படிச் சம்பளம் வாங்கிய வெளிக்களத்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மற்றக் கிளப்புகளில் இரண்டாம் பேஸில் நிற்கும் ஓட்டக்காரனுக்கு, "பந்து அவரிட்டைப் போனால் ஓடாதை" என்று சொல்லி வைப்பார்களாம். இடது வெளிக்காரனுக்கு அதைவிடப் பதக்கம் வேண்டுமா?

என்னைக் கண்டுபிடித்தது பயிற்சியாளர் அல்ல. ஹேர்னிங்கில் திரைச்சீலைத் தொழிற்சாலையில் நான் வேலை செய்தபோது, மேல்தட்டிலிருந்து ஒரு நூல் உருளை தவறி விழுந்தது. கீழே ஓடிப் போய் ஒற்றைக் கையால் பிடித்தேன். ஊரில் எல்லே என்ற மட்டைப்பந்து விளையாடிய கை. வெறுங்கையால் பிடித்துப் பழகியது. சுமைதூக்கி வண்டி ஓட்டிய டெனிஷ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னொருக்கால் செய்யும் பார்ப்பம்" என்று வேண்டுமென்றே ஒரு உருளையை எறிந்தார். அதையும் பிடித்தேன். அவருடைய மைத்துனர் கிளப்பின் செயலாளர். என் தொழில் அப்படித் தொடங்கியது.

முதல் கோடையில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். வெளிக்களத்தில் இடம், நடு, வலம் என்று மூன்று பேர் நிற்கிறோம். எங்கள் நடுக்காரர் தொழிலால் தபால்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நரைத்த தாடி, நீளக் கால், பாதி மைதானத்தை அவர் தனியே காப்பார். ஒரு நாள் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பந்து உயர எழும்பியது. நான்தான் கிட்ட. பந்துக்கு நேர் கீழே போய் நின்றுவிட்டேன். அப்போது பக்கத்தில் அவர் ஓடி வருவதைக் கண்டேன். கண்டதும் என் கால் தானாக ஓரடி பின்வாங்கியது. கையை நீட்டி, நீங்கள் எடுங்கோ என்று காட்டினேன். சபையில் மூத்தவர் வந்தால் நாற்காலியை விடுவோமே, அதே போல. நான் கீழே நிற்பதைக் கண்டு அவரும் ஓட்டத்தை நிறுத்தினார். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது. மற்றப் பக்கத்தார் இரண்டு ஓட்டம் எடுத்தார்கள்.

உடை மாற்றும் அறையில் அவர் கேட்டார்: "பந்து உம்மடை கைக்கு மேலை நிண்டது. ஏன் விட்டனீர்?"

"நீங்கள் வயதுக்கு மூத்தவர்" என்றேன்.

அறை முழுவதும் சிரிப்பில் வெடித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: "உம்மடை மரியாதைக்கு நன்றி. ஆனால் பந்துக்கு என்ரை வயது தெரியாது."

அதற்குப் பிறகு ஒரு கிழமை, பந்து எங்கே போனாலும் "என்னுடையது!" என்று கத்த வைத்தார். டெனிஷில் அதற்குள்ள சொல் எங்கள் காதுக்கு மீன் என்றுதான் கேட்கும். என் மனைவி சுபா முதல் தடவை மைதானத்துக்கு வந்தபோது, "என்னப்பா, வளர்ந்த ஆம்பிளையள் எல்லாம் மீன் விக்கிற மாதிரிக் கத்துறாங்கள்" என்றாள். சிரிப்பு ஒரு பக்கம். எனக்கு அந்தச் சொல்லை வாயால் சொல்வதே பெரும் கஷ்டமாக இருந்தது. மூத்தவர் முன்னால் எனக்கு எனக்கு என்று கேட்டால் வீட்டில் அடி விழும் வளர்ப்பு. பந்து உங்களுடையது என்றால் வாய்விட்டுக் கத்துங்கள். அது பேராசை அல்ல, மற்றவருக்குக் கொடுக்கும் தகவல்.

பந்துக்குக் கத்தப் பழகினேன். மற்றதுக்கு வாய் திறக்க எனக்கு இன்னும் பல வருடம் எடுத்தது.

யுத்தம் முடிந்த வருடம் அது. என் தம்பி ரூபன் வன்னியில் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி, இரண்டு பிள்ளைகள். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. மே மாதம் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த நாளிலும் நான் வேலைக்குப் போனேன். புல் வெட்டினேன். கோடு போட்டேன். நடுக்காரர் வந்து, "எப்பிடி இருக்கிறீர்?" என்று கேட்டார். "நல்லாய் இருக்கிறன்" என்றேன். வீட்டுக் கதையை வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே கொண்டு வரக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அதை ஒரு கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஆடி மாதம், பக்கத்து ஊர் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து எங்கள் சபைப் போதகர் தொலைபேசி எடுத்தார். அவருடைய உறவினர் ஒருவர், வன்னி மக்களை அடைத்து வைத்திருந்த முகாமில் இருந்த பெயர்ப் பட்டியலில் ரூபனின் பெயரைக் கண்டிருந்தார். ஒரே ஒரு பெயர். மனைவி, பிள்ளைகளின் பெயர் அதில் இருந்ததா என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எட்டுக் கிழமை, பட்டியலில் இல்லாத மூன்று பெயர்களோடு நானும் சுபாவும் சாப்பிட்டோம், படுத்தோம், எழும்பினோம்.

செப்டெம்பரில் செய்தி வந்தது. சனிக்கிழமை அங்கே மாலை ஐந்தரைக்கு ஒருவர் ரூபனுக்குத் தொலைபேசி கொடுப்பார். பத்து நிமிடம். நாங்கள் திருப்பி எடுக்க முடியாது. ஆட்களை வேறு முகாம்களுக்கு மாற்றுகிறார்கள், இன்னொரு தடவை கிடைக்குமா என்று சொல்ல முடியாது. அங்கே ஐந்தரை என்றால் இங்கே இரண்டு மணி.

அதே சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றவர் மேற்பிரிவில் நிற்பார், தோற்றவர் கீழே இறங்குவார். எங்களிடம் ஆடக்கூடியவர்கள் சரியாக ஒன்பது பேர். பத்தாவது ஆளுக்கு விரல் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. இந்த விளையாட்டில் ஒருவர் வெளியே போனால் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

"சொல்லுங்கோவன் அவையளுக்கு" என்றாள் சுபா.

"என்னெண்டு சொல்லுறது? கடைசி மேட்ச்."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"நீர் போனைக் கொண்டு வேலிக்குப் பின்னாலை வந்து நில்லும். நான் முன்னாலை நிப்பன்."

இடது வெளிக்காரனுக்கு முதுகுப் பக்கம் கம்பி வேலிதான் எல்லை. அதற்கு அப்பால் நடைபாதை, பொது இடம். இதுதான் என் திட்டம். இன்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

இரண்டு மணிக்கு நாங்கள் ஒரு ஓட்டத்தால் முன்னிலையில் நின்றோம். கடைசிச் சுற்று, மற்றப் பக்கம் மட்டை பிடித்தது. இரண்டு பேர் ஆட்டமிழந்து விட்டார்கள், இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் வெற்றி எங்களுக்கு; ஆனால் இரண்டு ஓட்டக்காரர் பேஸில். வேலிக்குப் பின்னால் சுபா தொலைபேசியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். இரண்டு கடந்து மூன்று நிமிடம். அடித்தது.

"ரூபன்! ரூபன், நான் அண்ணி கதைக்கிறன்! கேக்குதே?"

நான் திரும்பவில்லை. கண் மட்டைக்காரனில். காது முழுவதும் முதுகில்.

"அண்ணை நிக்கிறார், இஞ்சைதான் நிக்கிறார்... இஞ்சேருங்கோ, தம்பி கதைக்கிறான்!"

அந்தக் கத்தல் மைதானம் முழுவதும் கேட்டது. மற்றப் பக்கத்துப் பயிற்சியாளர் பாய்ந்து வந்து ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். வேலிக்கு வெளியே ஒரு பெண் வேற்று மொழியில் எங்களுக்குச் சைகை கொடுக்கிறாள் என்பது அவருடைய முறைப்பாடு. அவரைப் பிழை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நின்றால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நடுவர் ஓல்போர்க்கிலிருந்து வந்த இளம் பெண். சிரிக்கத் தெரியாத முகம். அவ்வளவு தூரமும் நடந்து என்னிடம் வந்தார். நடுக்காரரும் பக்கத்தில் வந்து நின்றார்.

"யார் அவர்? என்ன சொல்கிறார்?"

ஒன்றுமில்லை, என் மனைவி, பேசாமல் இருக்கச் சொல்கிறேன் என்ற பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒன்பது மாதமாக எல்லோருக்கும் சொன்ன அதே நல்லாய் இருக்கிறன். வேலிக்குப் பின்னாலிருந்து, "அண்ணை... அண்ணை..." என்று ஒரு கரகரத்த குரல் ஸ்பீக்கரில் வந்தது. அது என் வாயைத் திறந்தது.

"என் தம்பி" என்றேன். "முகாமிலிருந்து கதைக்கிறான். பத்து நிமிடம்தான் கிடைக்கும். அவனுடைய பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது."

நடுவர் என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். "வெளியே போனால் திரும்ப முடியாது. களத்துக்குள் ஆட்டக்காரரிடம் தொலைபேசி இருக்கக் கூடாது" என்றார். பிறகு, இன்னும் ஆறுதலாக, "அந்தத் தொலைபேசி களத்துக்கு வெளியேதான் இருக்கிறது" என்றார்.

அந்த நேரம் நடுக்காரர் புல்லில் குந்தினார். தன் சப்பாத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து அறுபடும்வரை இழுத்தார். நிமிர்ந்து, "அறுந்து போச்சு" என்றார்.

"கட்டுங்கள்" என்றார் நடுவர். "பாதுகாப்பு முக்கியம்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் பாதிதான் கண்டேன். மிச்சத்தை மற்றவர்கள் சொல்லி அறிந்தேன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்துகிற எங்கள் கேச்சர், வங்கியில் வேலை செய்கிற ஒழுங்கான மனிதர், தன் முகமூடிப் பட்டி தளர்ந்துவிட்டது என்று கழற்றி வைத்துக்கொண்டார். பந்து எறிகிறவர் கண்ணில் தூசி. நடுவர் போகிற வழியில் மற்றப் பயிற்சியாளரின் காதில் இரண்டு சொல் சொன்னார். அவர் உடனே தன்னுடைய மட்டைக்காரனைக் கூப்பிட்டு, "உன்ரை மட்டை சரியில்லை, வேறை எடு" என்றார். அந்தப் பெடியன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி அத்தனை மட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, தட்டி, தூக்கிப் பார்த்தான். இந்த நாட்டு மனிதர் விதியை மீற மாட்டார்கள். ஆனால் விதிக்குள்ளே ஒரு ஆளுக்கு இடம் தேவை என்றால், கதிரையை நகர்த்தி இடம் செய்து தருவார்கள்.

நான் வேலிப் பக்கம் திரும்பினேன். சுபா தொலைபேசியைக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தாள்.

"ரூபன்! ஆர் ஆரடா இருக்கிறியள்?"

"அண்ணை, நாங்கள் நாலு பேராய் வெளிக்கிட்டனாங்கள். நாலு பேரும் இருக்கிறம்."

சுபா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். தொலைபேசியை மட்டும் கீழே விடவில்லை.

"சின்னவள்?"

"பக்கத்திலைதான் நிக்கிறாள். காய்ச்சல், இப்ப பரவாயில்லை. மற்ற ஆக்களைப் பற்றிக் கேக்காதையுங்கோ அண்ணை. பிறகு சொல்லுறன்." பேச்சை மாற்றி, "அதென்ன சத்தம்?" என்றான்.

"மேட்ச் நடக்குது."

"இப்பவோ? மேட்சுக்கை நிண்டோ கதைக்கிறியள்?"

"ஓம்."

"வெல்லுறியளோ?"

"ஒண்டாலை முன்னுக்கு நிக்கிறம்."

அவன் சிரித்தான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு தம்பியின் சிரிப்பு. "அப்ப போய் விளையாடுங்கோவன் அண்ணை, என்னோடை நிண்டு தோக்கப் போறியள்" என்றான். அதோடு இணைப்பு அறுந்தது.

மட்டை பொறுக்கி முடிந்தது. நடுவர் தூரத்திலிருந்து கையை உயர்த்தி, தயாரா என்று என்னைக் கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். கண்ணில் நீர், பந்து இரண்டாகத் தெரியும். வெளியே போனால் முறிந்த விரல்காரன் வர வேண்டும், அவனால் கையுறை போடவே ஏலாது. நின்றால் என் பக்கம் பாதி திறந்து கிடக்கும். எனக்காக இவ்வளவு செய்தவர்களுக்கு முன்னால், நான் முழுசாக இருக்கிறேன் என்று காட்டத்தான் மனம் சொன்னது. ஓட்டக்காரர்கள் பயப்படுகிற இடது வெளிக்காரன் அல்லவா நான்?

நடுக்காரரைப் பார்த்துச் சொன்னேன்: "பத்தடி என்ரை பக்கம் வாங்கோ. நான் இண்டைக்குப் பாதி ஆள்தான்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. முடிச்சுப் போட்ட கயிற்றோடு பத்தடி வந்து நின்றார். அவர் விட்டு வந்த இடத்தில் மறுபக்கம் ஒரு வெளி திறந்தது. அதை அவரும் கண்டார், நானும் கண்டேன். முதல் எறியிலேயே அந்தப் பெடியன் பந்தை அந்த வெளிக்குள் அடித்தான். வலது வெளிக்காரர் துரத்திப் போய் எடுப்பதற்குள் இரண்டு ஓட்டக்காரரும் உள்ளே வந்து, ஒரு ஓட்டத்தால் அவர்கள் முன்னுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்தவர் ஆட்டமிழந்ததும், மட்டை பிடிப்பதற்காக உள்ளே வந்து ஓரத்து வாங்கில் உட்கார்ந்தபோது, "என்னாலைதான்" என்றேன்.

"இல்லை" என்றார் நடுக்காரர். "நான் சரியான இடத்திலைதான் நிண்டனான். பந்துதான் வேறை இடத்துக்குப் போனது." அதை என் சட்டைப் பையில் போட்டேன். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த முடிவு சரியா என்று, பந்து விழுந்த இடத்தை வைத்து அளக்காதீர்கள். அன்று நான் முழு ஆள் என்று நடித்திருந்தால் ஒருவேளை வென்றிருப்போம். அப்படி வென்றிருந்தாலும் அது பிழையான முடிவுதான்.

பிறகு அவர் கேட்டார்: "எப்பவிலிருந்து தம்பியைத் தேடுறீர்?"

"தையிலிருந்து."

அவருடைய தாடி நடுங்கியது. கோபம். "நான் தபால்காரன். மற்ற ஆக்களின்ரை செய்தியைச் சுமக்கிறதுதான் என்ரை வேலை. உம்மடையதை மட்டும் ஏன் ஒளிச்சு வைச்சனீர்?" ஆகவே உங்கள் மூவரிடமும் கேட்கிறேன்: பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லிவிட்டுக் களத்தில் இறங்குங்கள். நீங்கள் எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்று தெரிந்தால்தான் அவன் எங்கே நிற்பது என்று முடிவெடுப்பான்.

எங்களால் பிறகு ஓட்டம் எடுக்க முடியவில்லை. கடைசியாக ஆட்டமிழந்தவன் நான்தான். அடித்த பந்து நேரே எறிகாரரின் கையுறைக்குள் போனது.

மற்றப் பக்கத்தார் மேற்பிரிவில் நின்றுவிட்டார்கள். அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், தொப்பி பறக்கும், கத்தல் அடுத்த தெரு வரை கேட்கும். அன்று அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, புல்லைக் கடந்து வேலி வரை நடந்து போனார். நானும் பின்னால் போனேன்.

"உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும்" என்றார் சுபாவிடம்.

அழுது வீங்கிய கண்ணோடு அவள் தன்னுடைய மொழிப்பள்ளி டெனிஷில், "காருக்கே எனக்குச் சிக்னல் போட மறந்து போகும்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. கேட்க வந்ததை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "பிள்ளைகள்?" என்றார்.

"நாலு பேரும்" என்றாள் சுபா. விளங்கவில்லையோ என்று நினைத்து நாலு விரலையும் கம்பிக்குள்ளால் நீட்டிக் காட்டினாள்.

அவர் திரும்பி, களத்தில் காத்து நின்ற தன்னுடைய ஆட்களுக்குத் தன் கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டினார். அப்போதுதான் அவர்கள் கத்தினார்கள். தொப்பிகள் மேலே போயின. எங்களுடைய ஆட்களும், தோற்றுப் போய் வாங்கில் இருந்தவர்கள், எழுந்து நின்று சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தம் எதற்காக என்று நான் அன்று ஒருவரையும் கேட்கவில்லை.